ஓதமும் பூஞ்சையும்

நுழையும்முன்

ஐப்பசி அடைமழை தொடங்கிய சில நாள்களில் வீட்டுச் சுவரின் மூலையில் சாம்பல்நிறத் திட்டொன்று தோன்றுகிறது. அலமாரியைத் திறந்தால் மக்கல் வாடை வீசுகிறது. மடித்து வைத்த பட்டுப்புடவையில் வெண்புள்ளிகள். தோல் செருப்பின்மேல் பச்சைப் பொடி. துடைத்தால் மறையும் இவை மறுவாரமே மீண்டும் தலைகாட்டுவது ஏன்? ஈரம் மிகுந்த நிலத்தில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய இந்த நுண்ணுயிரியின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

ஈரத்தின் பல முகங்களுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கசியும் ஈரம் ஓதம் எனப்படும்; கடலின் பெருக்கைக் குறிக்கும் சொல்லும் அதுவே. அப்பளத்தின் மொறுமொறுப்பு போவது நமத்தல். சோறும் குழம்பும் கெடுவது ஊசிப்போதல். அவற்றின்மேல் பஞ்சுபோலப் படர்வது பூசணம். ‘சுவர் பூத்துவிட்டது’ என்று வீடுகளில் சொல்வதுண்டு. அச்சொல்லாட்சியில் அறிவியல் உண்மையும் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கரும்புள்ளியும் பச்சைப் பொடியும் பூஞ்சையின் முழு உடல் அல்ல. அதன் இனப்பெருக்கப் பகுதியே ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத உடல்

பூஞ்சை தாவரமும் அன்று, விலங்கும் அன்று. பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. ஹைஃபா எனப்படும் மெல்லிய இழைகளைப் பொருளுக்குள் செலுத்தி, நொதிகளைச் சுரந்து, வெளியிலேயே உணவைச் செரித்து, பின்னர் உறிஞ்சிக்கொள்கிறது. இவ்விழைகள் பின்னிக்கிடக்கும் தொகுதியே மைசீலியம். போதிய அளவு வளர்ந்தபின் அது ஸ்போர்களை உருவாக்குகிறது. மேலே தெரியும் நிறம் பெரும்பாலும் அந்த ஸ்போர்களின் நிறமே. துணியால் துடைக்கும்போது ஸ்போர்கள் அகலுகின்றன. உள்ளே ஊடுருவிய இழைகள் அப்படியே இருக்கின்றன. மறுவாரம் அது மீண்டும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

காட்டில் விழும் இலைகளையும் மரங்களையும் மட்கச் செய்து மண்ணுக்கு வளமூட்டுவது பூஞ்சை. 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிய வழிவகுத்ததும் ஒரு பூஞ்சையே. ஆகவே அதனைப் பகையென்று மட்டும் கருதுதல் பொருந்தாது. அது காட்டில் செய்யும் வேலையையே வீட்டிலும் செய்கிறது. அங்கே சருகு, இங்கே புத்தகம் என்பதுதான் வேறுபாடு.

பூஞ்சை வளர நான்கு தேவைகள் உண்டு: ஸ்போர், உணவு, ஏற்ற வெப்பநிலை, நீர். ஸ்போர்கள் எல்லா இடத்துக் காற்றிலும் மிதக்கின்றன. அவற்றை முற்றிலும் தடுக்க எவராலும் இயலாது. உணவோ வீடு முழுவதும் இருக்கிறது. மரம், தாள், பருத்தி, தோல், பசை, வண்ணப்பூச்சு ஆகியவற்றோடு வழுவழுப்பான கண்ணாடியின்மேல் படிந்த தூசும் அதற்குப் போதும். வெப்பநிலையைப் பொறுத்தவரை மனிதர்க்கு இதமானது பூஞ்சைக்கும் இதமானதே. எஞ்சியிருப்பது நீர் ஒன்றே. வீட்டில் வாழ்வோரால் கட்டுப்படுத்தக்கூடியதும் அது மட்டுமே. கடைகளில் விற்கும் பூஞ்சைக்கொல்லிகளை வாங்கித் தெளித்துவிட்டு ஒழுகும் குழாயை அப்படியே விட்டுவிடுவோர் பலர். அவர்கள் செலவிட்ட பணம் வீணே.

காற்றில் கரைந்திருக்கும் நீர்

காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 17 கிராமாகக் குறைந்துவிடும். தாங்கக்கூடிய அளவில் எத்தனை விழுக்காடு நீராவி இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். வீட்டினுள் இது 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பரவுவது அரிது. ஒரு பரப்பை ஒட்டிய காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் பல நாள்கள் நீடித்தால், அங்கே ஒரு சொட்டு நீர்கூடக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூஞ்சை முளைத்துவிடும்.

கடலோர நகரங்களில் மழைக்காலத்து வெளிக்காற்றே இந்த எல்லையில்தான் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றை எடுத்துக்கொள்வோம். அதில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அக்காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே முழுநிறைவு எய்தி நீராகப் படியத் தொடங்கும். இவ்வெப்பநிலையைப் பனிநிலை என்பர். குளிர்சாதனம் 24 டிகிரியில் ஓடும் அறையின் சன்னலைத் திறந்தால், உள்ளே புகும் காற்று சுவரிலும் கண்ணாடியிலும் மர அலமாரியிலும் பட்டு வியர்க்கிறது. குளிர்ந்த நீர் நிரப்பிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

‘பூஞ்சை வராமலிருக்க எப்போதும் சன்னல்களைத் திறந்து வையுங்கள்’ என்னும் அறிவுரை பல நூல்களில் காணப்படுகிறது. அது குளிர்நாடுகளுக்கு உரியது. அங்கே வெளிக்காற்று குளிர்ந்தது. ஆகவே நீராவி குறைந்தது. அது உள்ளே வந்து வெப்பமடையும்போது உலர்காற்றாக மாறி ஈரத்தை வாரிக்கொண்டு போகும். வெப்ப ஈரநாட்டில் நிலைமை வேறு. மழை பெய்யும் இரவில் சன்னலைத் திறந்தால் ஈரம் வெளியேறுவதைவிட உள்ளே வருவதே மிகுதி. மழை ஓய்ந்து வெயில் ஏறிய நண்பகலில், ஒப்பு ஈரப்பதம் குறைந்திருக்கும் வேளையில், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பதே பயன்தரும். சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் இந்த வேளைக் கணக்கு பொருந்தாது. கொதிக்கும் உலையிலிருந்தும் வெந்நீரிலிருந்தும் எழும் ஆவியை உடனுக்குடன் வெளியேற்றிவிட வேண்டும். அங்கே காற்றை வெளியேற்றும் விசிறி ஆடம்பரம் அன்று. ஈரத்துணிகளை அறைக்குள் கொடி கட்டி உலர்த்துவதும் அவ்வறைக் காற்றில் நீரைத் தெளிப்பதற்கு ஒப்பானதே. இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதனைத் தவிர்ப்பது கடினம். அத்தகைய வீடுகளில் ஒரே அறையைத் தேர்ந்து, அதன் கதவைச் சாத்தி, விசிறியை ஓடவிட்டுச் சன்னலைத் திறந்து உலர்த்துவது பிற அறைகளைக் காக்கும்.

ஈரம் வரும் வழி

சுவரில் கறை கண்டவுடன் வண்ணம் பூசுபவரை அழைப்பது வழக்கம். முதலில் கண்டறிய வேண்டியது ஈரம் எவ்வழியே வருகிறது என்பதையே. தரையிலிருந்து மேலேறும் ஓதம் சுவரின் அடிப்பகுதியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரை பட்டைபோலத் தெரியும். செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிலத்தடி ஈரம் ஏறுகிறது. கட்டும்போதே அடித்தளத்திற்கு மேல் நீர்புகா அடுக்கு அமைக்கப்படாத வீடுகளில் இது மிகுதி. கூரைக்கசிவு மேற்கூரையில் வட்டவட்டமாகக் கறைபடியும். குழாய்க்கசிவோ மழைக்காலம், கோடைக்காலம் என்று பாராமல் தொடரும். நீராவி படிவதால் வருவது காற்றோட்டமில்லாத மூலைகளிலும் பீரோவின் பின்புறத்திலும் சிதறிய புள்ளிகளாகத் தோன்றும்.

ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி இரண்டு நாள்கள் விட வேண்டும். பின்னர் எடுத்துப் பார்க்கையில் தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து படிகிறது. முன்னதற்குக் கொத்தனார் தேவை. பின்னதற்குக் காற்றோட்டம் போதும். சில ரூபாய்ச் செலவில் முடியும் இச்சோதனை பல்லாயிரம் ரூபாய் வீண்செலவைத் தவிர்க்கும்.

சுவரில் வெள்ளையாகப் பொரிந்து உதிர்வதெல்லாம் பூஞ்சை அன்று. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்புகள் ஈரத்தில் கரைந்து வெளிப்பரப்புக்கு வந்து உலர்வதை உப்புப் பூத்தல் என்பர். அதன்மேல் நீர் தெளித்தால் கரைந்துவிடும்; பூஞ்சை கரையாது. எனினும் உப்புப் பூத்தலும் அச்சுவரில் நீர் நடமாடுகிறது என்பதற்கான சான்றே.

கூரைக்கசிவில் பெரும்பகுதி மழைக்கு முன்னரே தடுக்கக்கூடியது. மொட்டைமாடியின் நீர்ப்போக்கியைச் சருகு அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். தேங்கிய நீர் தளத்தின் மயிரிழை வெடிப்புகளில் இறங்கும். புரட்டாசியில் ஒருநாள் மாடியேறிச் சருகை அகற்றி, தட்டோடுகளின் இடைவெளிகளை அடைத்துவிடுவது ஐப்பசியின் பல தொல்லைகளைத் தவிர்க்கும். அடுக்குமாடிகளில் மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் தெரிவதால் அண்டைவீட்டாரிடையே மனத்தாங்கல் எழுவதுண்டு. கறை தெரியும் வீட்டில் எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. பழுது மேல்வீட்டுத் தரையில்தான் பார்க்கப்பட வேண்டும்.

சுண்ணாம்பு அறிந்த உண்மை

தமிழகத்தில் பொங்கலுக்கு முன்னர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதன் காலப்பொருத்தம் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. மழையில் ஊறிய சுவர்கள் உலரத் தொடங்கும் வேளையில் பழைய பாய், கந்தல், மக்கிய பொருள்கள் போகியன்று அகற்றப்பட்டு, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. சுண்ணாம்பு நீரின் கார அமில மதிப்பு 12க்கு மேற்பட்டது. அத்தகைய கடுங்காரத்தில் பூஞ்சை வாழாது. ஆனால் அக்காரம் நிலைத்து நிற்பதில்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு வினைபுரிந்து சுண்ணாம்பு மெல்லமெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். அதன்பின் பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றல் குறைந்துபோகும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருந்ததன் வேதியியல் இதுவே.

சுண்ணாம்புப் பூச்சுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அது நீராவியைத் தன் வழியே கடத்தும். அதனால் சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற இயலும். இன்றைய வழுவழுப்பான நெகிழிவகை வண்ணங்கள் சுவரின்மேல் மெல்லிய தோல்போலப் படிகின்றன. வெளிமழையைத் தடுப்பதில் அவை சிறந்தவை. ஆனால் அடியிலிருந்து ஓதம் ஏறும் சுவரின் உட்புறத்தில் அவற்றைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். உரிந்த தோலின் அடியில் பூஞ்சை செழிக்கும். பழைய முறைகள் அனைத்தும் மேலானவை என்று இதனால் கொள்ளுதல் கூடாது. ஓட்டு வீட்டின் ஒழுக்கும், மண்சுவரின் கரைதலும் நினைவில் இருக்க வேண்டும். சுவரின் நிலை அறிந்து பூச்சைத் தேர்வு செய்வதே பொருத்தம்.

சமையலறையில் விழிப்பு

நீரைக் கட்டுப்படுத்தினால் பூஞ்சை கட்டுப்படும் என்பதைச் சமையலறை முன்பே அறிந்திருந்தது. ஊறுகாயில் சேர்க்கும் உப்பு, நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கும் நீரைக் குறைக்கிறது. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. ஈரக்கரண்டியைச் சாடியில் இடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதன் பொருள் இதுவே. வற்றலும் வடகமும் கோடை வெயிலில் காயவைக்கப்படுவதும், நெல்லை நன்றாக உலர்த்தி 14 விழுக்காட்டுக்குக் குறைவான ஈரத்தோடு சேமிப்பதும் இந்த அறிவின் வெளிப்பாடுகளே.

இதில் தவறினால் நேரும் கேடு சிறியதன்று. 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றின் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் எனப் பெயரிடப்பட்டது. 1974இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையோர மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் பாதிக்கப்பட்டு இறந்தனர். அந்தச் சோளத்தை வீசிவிட அவர்களுக்கு வசதி இல்லை. வீட்டிலிருந்த தானியம் அது ஒன்றே. இந்நஞ்சு சமைக்கும் வெப்பத்தில் முழுமையாக அழிவதில்லை. ஆகவே பூசணம் பூத்த கடலையையும் தானியத்தையும் கழுவி வறுத்து உண்ணுதல் தீர்வாகாது. ரொட்டியின் ஓரத்தில் பச்சைப்புள்ளி தோன்றினால் அப்பகுதியை மட்டும் கிள்ளி எறிவதும் அவ்வாறே. இழைகள் மென்மையான உணவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் ஓடியிருக்கும்.

உடல்நலம்

வீட்டுச் சுவரின் பூஞ்சை நஞ்சூட்டிக் கொல்வது அரிது. ஒவ்வாமையால் துன்புறுத்துவது மிகுதி. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுமண்டல நோய்க்குறிகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் குறிப்பிட்டுள்ளது. குழந்தைகளும் முதியோரும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் எளிதில் பாதிக்கப்படுகின்றனர்.

இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சுமண்டலப் பாதிப்பால் இறந்தது. குடியிருப்பில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சையே காரணம் என 2022இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் முறையிட்டபோது, கறையின்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அக்குழந்தையின் இறப்பிற்குப் பிறகு, சமூகக் குடியிருப்புகளில் இத்தகைய கேடுகளைக் குறித்த காலத்திற்குள் சரிசெய்ய வேண்டும் என்னும் சட்டம் 2023இல் அங்கு இயற்றப்பட்டது.

இந்தியாவில் 2021இல் கொரோனாத் தொற்றின்போது பரவிய ‘கருப்புப் பூஞ்சை’ நோயைச் சுவரிலுள்ள கருமையோடு இணைத்துப் பலர் அஞ்சினர். அது மியூகார்மைகோசிஸ் என்னும் வேறு நோய். கட்டுப்பாடற்ற நீரிழிவு உடையோரையும் ஸ்டீராய்டு மருந்துகள் மிகுதியாகப் பெற்றோரையும் அது தாக்கியது. இறந்த திசு கறுத்துப்போவதால் வந்த பெயரே அது. பூஞ்சையின் நிறத்தால் வந்ததன்று.

அகற்றும் முறை

ஈரம் வரும் வழியை அடைத்த பின்னரே அகற்றும் பணியைத் தொடங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு சதுரமீட்டருக்கு உட்பட்ட பரப்பை வீட்டாரே தூய்மை செய்யலாம். அதற்கு மேற்பட்டதாயினும், கழிவுநீர் கலந்த வெள்ளத்தால் விளைந்ததாயினும் தேர்ந்தவர் உதவியை நாடுதல் நன்று. ஆஸ்துமா உள்ளோர் இப்பணியில் ஈடுபடலாகாது. மூக்கையும் வாயையும் இறுக மூடும் என் 95 முகக்கவசம், கையுறை, கண்காப்பு ஆகியவை தேவை. உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் தேய்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ஒரே வீச்சில் எண்ணற்ற ஸ்போர்கள் வீடெங்கும் பறந்துவிடும். முதலில் நீர் தெளித்து நனைத்து, சோப்புக் கரைசலால் தேய்த்து, துணியால் ஒற்றியெடுத்து, அன்றே விசிறி வைத்து உலர்த்த வேண்டும். இறந்த பூஞ்சையும் ஒவ்வாமை தருவதால், கொல்வதைவிட அகற்றுவதே முதன்மையானது.

வெளுப்புத்தூள் கரைசல் ஓடு, கண்ணாடி போன்ற துளையற்ற பரப்புகளுக்கு ஏற்றது. காரைச்சுவரிலும் மரத்திலும் அது மேற்பரப்பின் நிறத்தை மட்டும் வெளுத்துவிட்டு, ஆழத்தில் உள்ள இழைகளை எட்டாமல் போகலாம். கழிவறை தூய்மை செய்யும் அமிலத்தோடு அதனைச் சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். ‘இரண்டையும் கலந்தால் இருமடங்கு வலிமை’ என்னும் எண்ணம் உயிருக்கே கேடாகும்.

நனைந்த எப்பொருளும் 24 முதல் 48 மணிநேரத்திற்குள் உலர்ந்துவிட்டால் பூஞ்சை முளைக்க வாய்ப்பில்லை. 2015 டிசம்பரில் சென்னையின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, நீர் வடிவதற்கே சில இடங்களில் அக்கால எல்லை கடந்துவிட்டது. பஞ்சுமெத்தை, தலையணை போன்றவற்றைப் பூஞ்சை பிடித்தபின் மீட்க இயலாது. பருத்தித் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். மிகுந்த துயரம் தருபவை கல்விச் சான்றிதழ்களும் நிலப்பத்திரங்களுமே. நனைந்த தாள்களை உடனே பிரிக்க முயன்றால் கிழியும். இரண்டு நாள்களுக்குள் உலர்த்தவும் இயலாதெனில், அவற்றை நெகிழிப் பையிலிட்டு உறைபெட்டியில் வைக்கலாம். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. ஆவணக் காப்பகங்களில் வெள்ளத்தில் நனைந்த நூல்களுக்குக் கையாளும் முறையும் இதுவே. பின்னர் சிறிது சிறிதாக எடுத்து நிழலில், தாள்களுக்கிடையே உறிஞ்சுதாள் வைத்து உலர்த்தலாம்.

அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தல், சலிக்காமல் அடுக்கிய துணிகளுக்கிடையே காற்று புக இடம்விடுதல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இடுதல் ஆகியவை பயன்தரும். அந்துருண்டை பூச்சிகளை விரட்டும், ஈரத்தை அகற்றாது. ஆயுத பூசையை ஒட்டி நூல்களையும் கருவிகளையும் வெளியே எடுத்துத் தூசு தட்டும் வழக்கம், மழைக்கு முன் அலமாரிகளைப் பார்வையிட நல்ல வாய்ப்பு.

தூய்மை செய்த சுவர் தொடுவதற்கு உலர்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் முழுமையாக உலரப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். ஆகவே மழை ஓய்ந்த உடனே வண்ணம் பூசாமல், மீண்டும் அலுமினியத் தாளை ஒட்டிப் பார்க்க வேண்டும். சுவர்ப்பக்கம் நனையாதிருந்தால் பூசலாம். நனைந்திருந்தால் மாசி, பங்குனி வெயில் வரும்வரை அச்சுவரை வெறுஞ்சுவராகவே விட்டுவைக்க வேண்டும்.